விரியலாக்கியின் நயமும் தாழ்சுருதி ஒலிபெருக்கியும்

மோட்டார் வண்டிகளில் இசை கேட்போர், தாழ்ந்த சுருதிகளை எழுப்புதற்கெனச் சப்வூபர் என்னும் தனி ஒலிபெருக்கியையும், அதனை இயக்குதற்கு ஒரு விரியலாக்கியையும் பொருத்துதல் இக்காலத்திற் பெருவழக்காயிற்று. அவ்விரியலாக்கியில் நயத்தை மாற்றும் சிறு திருகு ஒன்று உண்டு. அதனை ஒலியளவுக் குமிழெனக் கருதி முற்றத் திருப்பிவிடுவோர் பலர். விலையுயர்ந்த ஒலிபெருக்கிகள் கருகிப் பாழாதற்குப் பல வேளைகளில் இப்பிழைக் கருத்தே ஏதுவாகின்றது. ஆதலின் அத்திருகின் உண்மைத் தொழிலை ஆராய்தல் பயனுடைத்து.

பயப்பழுத்தத்தைப் பெய்ப்பழுத்தத்தால் வகுக்க வருவது நயம் எனப்படும். வண்டியின் வானொலிக் கருவிகள் யாவும் ஒரே அழுத்தத்தைத் தருவனவல்ல. சில உயர்ந்தபட்சம் 2 வோல்ற்றும், வேறு சில 4 வோல்ற்றும் தருவன. எக்கருவியோடு இணைப்பினும் விரியலாக்கி தன் முழு வலுவைச் செவ்வனே எய்துமாறு இசைவித்தலே திருகின் தொழிலாகும். 4 வோல்ற்றுக் கருவிக்கு வேண்டிய நயம், 2 வோல்ற்றுக் கருவிக்கு வேண்டியதிற் பாதியே. திருகை மேலும் திருப்புவதால் விரியலாக்கியின் எல்லை உயர்வதில்லை. அவ்வெல்லை சிறிய பெய்ப்பிலேயே எய்தப்படுகின்றது. உடன்வரும் இரைச்சலும் பெருகுகின்றது.

எல்லையை வகுப்பது மின்வழங்கலாகும். பற்றரியின் 12 வோல்ற்று அழுத்தத்தை விரியலாக்கி தன்னுள்ளே உயர்த்திக்கொள்கின்றது. அவ்வாறு உயர்த்தப்பட்ட அழுத்தத்தைப் பயப்பு மிஞ்சுதல் இயலாது. மிஞ்ச முயலுங்கால் அலையின் முடிகளும் தாழிகளும் வெட்டுண்டு தட்டையாகின்றன. பெரிதும் வெட்டுண்ட சைன் அலை சதுர அலையை ஒக்கும். உச்ச அழுத்தம் ஒன்றாயினும், சதுர அலையின் வலு சைன் அலையினதைப் போல் இருமடங்காகும். ஆகவே 500 உவாற்று விரியலாக்கி, மின்வழங்கல் தளராதவிடத்து, 1000 உவாற்றை அணுகும் வலுவை ஒலிபெருக்கியின் இயங்குசுருளிற் செலுத்தல் கூடும். அவ்வலுவின் பெரும்பகுதி ஒலியாகாது வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தாற் சுருளின் காவலிப் பூச்சு கருகுகின்றது.

இதனைத் தவிர்த்தற்குரிய கணக்கு எளிது. வலுவைத் தடங்கலாற் பெருக்கி வர்க்கமூலங் காண, வேண்டிய பயப்பழுத்தம் பெறப்படும். 4 ஓம் தடங்கலில் 500 உவாற்று வலுவுக்கு 2000 இன் வர்க்கமூலமாகிய 44.7 வோல்ற்று வேண்டும்; 2 ஓம் தடங்கலாயின் 31.6 வோல்ற்றுப் போதும். விரியலாக்கியின் வலு, ஒலிபெருக்கி இடையறாது தாங்கும் வலு ஆகிய இரண்டினுட் சிறியதையே கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

முதலில் ஒலிபெருக்கியின் இணைப்பை நீக்கி, நயத்தை இழிவாக்குக. தாழ்சுருதியை மிகுவிக்கும் அமைப்புக்கள் யாவற்றையும் நிறுத்துக. வானொலிக் கருவியின் ஒலியளவை முக்காற்பங்கில் வைத்து, உச்ச மட்டத்திற் பதியப்பெற்ற 50 ஹேர்ட்ஸ் சைன் ஒலியை இயக்குக. விரியலாக்கியின் பயப்பு முனைகளில் ஆடலோட்ட வோல்ற்றுமானியை இணைத்து, கணித்த அழுத்தம் காட்டும்வரை திருகை மெல்லத் திருப்புக. பின்னர் கருவியை நிறுத்தி, ஒலிபெருக்கியை மீள இணைக்க. அதன்பின் ஒலியளவை அம்முக்காற்பங்குக்கு மேல் உயர்த்தலாகாது.

இம்முறைக்கும் ஒரு குறையுண்டு. வோல்ற்றுமானி அழுத்தத்தின் அளவைக் காட்டுமேயன்றி அலையின் வடிவத்தைக் காட்டாது. வானொலிக் கருவியே அலையை வெட்டி அனுப்பினும் அதனை அறிவியாது. அலைவுகாட்டி அலையைக் கண்முன் வரைந்து காட்டுதலின், முடிகள் தட்டையாகத் தொடங்கும் நிலையை நேரே கண்டு, திருகைச் சிறிது பின்வாங்கச் செய்தல் அதனினுஞ் சிறந்த முறையாம்.

இவ்வளவில் அமைந்தும் தாழ்சுருதி போதவில்லையெனச் சிலருக்குத் தோன்றலாம். அதற்குக் காரணம் செவியின் இயல்பாகும். தாழ்ந்த மீடிறன்களைச் செவி குறைவாகவே உணருகின்றது என்பதைப் பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவரும் 1933 ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். அக்குறையை நிரப்புதற்குரிய வழி, ஏற்ற பெட்டியும் கூடிய வலுத் தாங்கும் ஒலிபெருக்கியும் தகுந்த விரியலாக்கியும் தேர்தலேயாம். இல்லாத வலுவை எத்திருகும் தோற்றுவிக்காது. இருக்கும் வலுவைப் பழுதின்றிப் பயன்கொள்ள, அதன் எல்லையை முன்னரே அளந்தறிதல் வேண்டும்.