கண்ணகி நகர் சுவரோவியங்கள்

கண்ணகி நகர், சென்னையின் தென்பகுதியில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் அமைந்த மறுகுடியமர்வுப் பகுதி. இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச்சுவர்களில் 2020 முதல் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. அதனால் இது சென்னையின் முதல் 'கலை வட்டாரம்' என்று அழைக்கப்படுகிறது. ஒரு பகுதியின் மீது படிந்த கெட்ட பெயரைப் பொதுவெளிக் கலையால் மாற்ற முயன்றதற்குத் தமிழ்நாட்டில் தெளிவான எடுத்துக்காட்டு இதுவே.

பின்னணி

நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்காகத் தமிழ்நாடு குடிசைப்பகுதி மாற்று வாரியம் 2000-ஆம் ஆண்டில் இக்குடியிருப்பைத் தொடங்கியது. இன்று 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே இருக்க, வீடு மட்டும் நகரின் விளிம்புக்கு வந்தது. பக்கத்திலேயே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. ஆனால் கண்ணகி நகர் என்ற பெயர் குற்றச் செய்திகளோடு சேர்த்தே பேசப்பட்டது. முகவரியைப் பார்த்தே வேலை மறுக்கப்பட்டதாக இளைஞர்கள் பலர் கூறியுள்ளனர். விண்ணப்பத்தில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதிவிடுவோரும் உண்டு.

ஓவியங்கள்

சுவரில் செய்தி சொல்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பேராவூரணி போன்ற டெல்டா ஊர்களிலும் தேர்தலுக்கு வெகு முன்பே கட்சிகள் சுவரில் பெயரையும் ஆண்டையும் எழுதி 'முன்பதிவு' செய்துவிடும். ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபின் அந்தச் சுவர் எழுத்தாளர்களின் பிழைப்பு நலிந்தது தனிக்கதை. சென்னை மாநகராட்சி 2009-இல், சுவரொட்டிகளைத் தடுக்க அண்ணா சாலைச் சுவர்களில் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. அங்கே நோக்கம் சுவரைக் காப்பது. கண்ணகி நகரில் நோக்கம் சுவருக்குப் பின்னால் இருப்பவர்களைக் காட்டுவது.

ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்துடனும் மாநகராட்சியுடனும் சேர்ந்து இப்பணியைச் செய்தது. தலைவர்களோ தெய்வங்களோ அல்லாமல், அப்பகுதிக் குழந்தைகளின் சிரித்த முகங்கள் பல மாடி உயரத்துக்கு வரையப்பட்டன. குற்றச் செய்தியில் மட்டுமே வந்த ஊர், படம் எடுக்க வருவோரின் ஊராகவும் ஆனது.

பிற நகரங்கள்

நியூயார்க் நகரம் 1970-களின் நடுவில் திவாலாகும் நிலைக்குப் போனது. 1977-இல் மில்டன் கிளேசர் இதயக் குறியுடன் வரைந்து கொடுத்த 'ஐ லவ் நியூயார்க்' சின்னம், அதே நகரைப் பார்க்கத் தகுந்த இடமாக மீண்டும் பேச வைத்தது. அல்பேனியாவின் டிரானாவில் 2000-இல் மேயரான எடி ராமா ஓர் ஓவியர். சாம்பல் நிறக் கட்டடங்களுக்கு அடர் வண்ணம் பூசச் செய்தார். கூடவே சட்டவிரோதக் கட்டடங்களையும் இடித்தார் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

விமர்சனம்

குடிநீரும் கழிவுநீர் வசதியும் சரியில்லாத இடத்தில் வண்ணம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நகரின் நடுவிலிருந்து மக்களை அகற்றிய முடிவை ஓவியம் மறைத்துவிடும் என்ற அச்சமும் அப்படியே. வாரியத்தின் பெயரே 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. பெயர்மாற்றத்தால் குழாயில் தண்ணீர் வராது. ஆனால் முகவரியால் வரும் இழிவு வேறு வகைச் சிக்கல். அது பார்ப்பவரின் மனத்தில் இருப்பது, அங்கே படத்துக்கும் சொல்லுக்கும் வேலை உண்டு.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் இப்பகுதியைச் சேர்ந்த கார்த்திகா இடம்பெற்றிருந்தார். நாளிதழ்கள் அவரைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே எழுதின.