நுண்ணுயிர்களின் மறைமொழி

திண்டுக்கல் மாவட்டம் காய்கறி விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. ஒட்டன்சத்திரத்துச் சந்தையே அதற்குச் சான்று. இம்மாவட்டத்து அகரம் முதலிய சமவெளி ஊர்களில் தக்காளி பயிரிடும் உழவர் அஞ்சத்தக்க நோய்களுள் ஒன்று பாக்டீரிய வாடல் நோய். செழித்து நின்ற செடி, வேரடியில் ஈரம் இருந்தும், இலையின் பசுமை மாறாமலே துவண்டு சாயும். நீர் பாய்ச்சினும் பயன் இராது.

இந்நோயை விளைவிக்கும் நுண்ணுயிரை 1896-ஆம் ஆண்டில் எர்வின் சுமித் என்னும் அமெரிக்க அறிஞர் விவரித்தார். இன்று அது ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என வழங்கப்பெறுகின்றது. மண்ணில் வாழும் இவ்வுயிர், வேர்க்காயங்களின் வழியே புகுந்து, நீர் செல்லும் குழாய்களை அடைகின்றது. பின்னர்ப் பசை போன்ற பொருளைச் சுரந்து அவற்றை அடைத்துவிடுகின்றது.

ஆனால், புகுந்தவுடன் அது பசையை மிகுதியாகச் சுரப்பதில்லை. சில உயிர்கள் மட்டும் சுரந்தால் குழாய் அடைபடாது, ஆற்றலே வீணாகும். எனவே, இனம் பெருகும்வரை அவை காத்திருக்கின்றன. கண்ணும் செவியும் இல்லாத உயிர் தன் இனத்தின் தொகையை எங்ஙனம் அறியும்?

ஒவ்வொரு நுண்ணுயிரும் கொழுப்பு அமிலத்தின் வழிவந்த வேதிப்பொருள் ஒன்றைச் சிறிதளவு வெளியிடுகின்றது. இவ்வுண்மை 1997-இல் வெளியாயிற்று. உயிர்கள் சிலவாயின் அப்பொருள் பரவி மறைந்துவிடும். அவை பல்கினால் அதன் செறிவு மிகும். ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 1 கோடி உயிர்கள் திரண்டதும், அவற்றினுள் அடங்கிக் கிடந்த புரதம் ஒன்று செயற்படத் தொடங்குகின்றது. அதன் ஏவலால் நீந்தும் இயல்பு குறைந்து, பசை பெருகுகின்றது. சிறு துளி பெருவெள்ளமாவது போல, தனித்தனியே எளியவை கூடி வலியவை ஆகின்றன.

நெல்லின் இலைக்கருகல் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரும் இத்தகைய மறைமொழியைக் கையாளுகின்றது. ஐதராபாத்து அறிஞர்கள் அதனை ஆராய்ந்துள்ளனர்.

இம்மறைமொழியை ஆக்கும் திறனை இழந்த வாடல்நோய் நுண்ணுயிர், செடியை வாட்டும் வலிமையைப் பெரிதும் இழக்கின்றது. ஆகவே, கிருமியைக் கொல்லாமல் அதன் பேச்சை மட்டும் தடுக்கும் வழியை அறிஞர்கள் நாடுகின்றனர்.

வாடிய செடியின் தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் நிறுத்தினால், பால் போன்ற இழை கசிந்து இறங்கும். பூஞ்சையால் வரும் வாடலில் இது காணப்படாது. நோய் உறுதியானால், அச்செடிகளை வேருடன் அகற்றுதலும், அடுத்த பருவங்களில் கத்தரி, மிளகாய் முதலிய ஓரினப் பயிர்களை விலக்கித் தானியம் விதைத்தலும் நன்மை பயக்கும்.