கால் வலியும் தைலமும்

ஆண்டுதோறும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியில் புறப்படும். புனே வழியாகப் பண்டரிபுரம் போகும். பக்தர்கள் சுமார் 250 கிலோமீட்டர் நடக்கிறார்கள். வழியில் தொண்டர்கள் அவர்களுக்குக் கால் பிடித்து, தைலம் தேய்த்துவிடுகிறார்கள்.

வலித் தைலத்தில் கற்பூரமும் புதினா உப்பும் இருக்கும். தோல் குளிரும். வலி மட்டுப்படும். பிடித்துவிடும் கையும் பாதி மருந்துதான்.

சிலர் வெந்நீரில் பேதி உப்பைப் போட்டுக் காலை வைப்பார்கள். அது மெக்னீசியம் உப்பு. தோல் வழியே அது உள்ளே போவதற்குச் சரியான சான்று இல்லை. இதம் தருவது வெந்நீரே.

கொப்புளத்தில் தைலம் படக்கூடாது. குழந்தை தைலத்தைத் தின்றால் வலிப்பு வரலாம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலிக்கிறதா? தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.