ராசியில்லாத தூண்டில்

"அவன் ராசியில்லாதவன், சார்! அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் மீன் விழாது!"

மாணவ நண்பர்களே, சென்ற பொங்கல் விடுமுறையில் என் காதில் விழுந்த சொற்கள் இவை. சொன்னவர்கள் சிரித்தார்கள். யாரைப் பற்றிச் சொன்னார்களோ, அந்த ஏழாம் வகுப்புப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேரும் நானும் இரண்டு நாள் முகாமுக்குப் போயிருந்தோம். இடம், இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, பாக் விரிகுடாவை ஒட்டிய மீனவர் கிராமம் அது. அங்கே அலையாத்திக் காடு இருக்கிறது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, அந்தக் காட்டினூடே பார்வையாளர்களைப் படகிலும் 'கயாக்' என்னும் சிறு துடுப்புப் படகிலும் அழைத்துப் போகிறார்கள். கயாக் சவாரி மறுநாள் காலை என்று முடிவாகியிருந்தது. முதல் நாள் தூண்டில் போடுவதென்று, காட்டின் எல்லைக்கு வெளியே, ஊர்ப் பெரியவர் ஒருவர் காட்டிய கடலோரத்தில் உட்கார்ந்தோம். பக்கத்துப் பனந்தோப்பில் எங்கள் கூடாரங்கள்.

காலை பத்தரை மணிக்குத் தொடங்கினோம். பகல் ஒரு மணிக்குக் கிடைத்தவை இரண்டே மீன்கள். பழி அந்தப் பையன் தலையில் விழுந்தது!

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். தூண்டில் போட்டவர்கள் ஒன்பது பேர். மீன்கள் இரண்டு. யாருக்கு எப்படி விழுந்தாலும் குறைந்தது ஏழு பேர் வெறுங்கையோடுதான் எழுந்திருக்க வேண்டும். அப்படியானால் ஏழு பேரும் ராசியில்லாதவர்களா? ஒருவனை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டார்கள்? காலையில் அவன் தூண்டில் நரம்பு சிக்கலாகிவிட்டது; எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கண்ணில் பட்டது மனத்தில் நின்றுவிட்டது. மற்ற ஆறு வெறுங்கைகளை யாரும் எண்ணவில்லை.

சரி, மீன் ஏன் விழவில்லை? காரணம் இல்லாமல் காரியம் இல்லையே! அந்தப் பெரியவரிடம் கேட்டோம். அவர் தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"தம்பி, இது வத்தத் தண்ணி. இப்ப போட்டா நண்டுதான் இரையைத் தின்னுட்டுப் போகும். நீங்க குறி வச்சது மடவைக் கூட்டம். அது சேத்தையும் பாசியையும் மேயுற மீனு. உங்க இறால் துண்டைத் திரும்பியும் பாக்காது. சாயங்காலம் வெள்ளம் ஏறும்போது வாங்க."

ஒரே மூச்சில் இரண்டு காரணங்கள்! இன்னும் சில காரணங்களை நம் இயற்பியல் சொல்லும்.

மீனின் வட்ட ஜன்னல்

ஒரு கிண்ணத்தின் அடியில் ஒரு நாணயத்தைப் போடுங்கள். நாணயம் கிண்ணத்தின் விளிம்பில் மறையும் வரை பின்னால் நகருங்கள். அசையாமல் நின்று, நண்பரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நாணயம் மேலே எழும்பி வந்தது போலத் தெரியும்! நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைவதே இதற்குக் காரணம். நேர் மேலிருந்து பார்த்தால் 80 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள மீன் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். நம் கண் காட்டும் இடத்தில் மீன் இல்லை.

இனி மீனின் கண்ணிலிருந்து பாருங்கள். வெளியுலகம் முழுவதும் அதற்கு ஒரு வட்ட ஜன்னல் வழியாகவே தெரிகிறது. அந்த ஜன்னலின் கோணம் ஏறத்தாழ 97 பாகை. மீன் ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால், நீர்ப்பரப்பில் சுமார் இரண்டேகால் மீட்டர் அகலமுள்ள வட்டம் அது. வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போலாகி, அடித்தரையைத்தான் காட்டும். கரையில் நிமிர்ந்து நிற்பவன் அந்த வட்டத்துக்குள் நன்றாகத் தெரிவான். சற்றுப் பின்தள்ளிக் குனிந்து உட்கார்ந்தாலோ, அவன் உருவம் வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிப்போகும். நாங்கள் நண்பகல் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம்!

"பேசாதே, மீன் ஓடிவிடும்" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டோமே, அது சரியா? காற்றில் வரும் ஒலி ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழைகிறது, மீதி திரும்பிவிடுகிறது. ஆகவே மெல்லப் பேசுவதால் பெரிய கேடில்லை. ஆனால் தண்ணீருக்குள் காலைத் தொப்பென்று வைத்தால் அந்த அதிர்ச்சி நேரே பரவும். மீனின் உடலில் இரு பக்கமும் ஓடும் பக்கக் கோடு என்னும் உறுப்பு, நீரின் சிறு அசைவையும் உணர்ந்துவிடும். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம், காலை மூடவில்லை.

குச்சியும் குறிப்பேடும்

அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தேன். அவன் ஒரு குச்சியில் கோடுகள் கீறித் தண்ணீரில் நட்டான். அரை மணிக்கொரு முறை நீர்மட்டம், நேரம், கிடைத்த மீன் எல்லாவற்றையும் எழுதினான். பாக் விரிகுடாவில் ஏற்றவற்றம் பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் குச்சியில் நீர் ஏறுவது தெளிவாகத் தெரிந்தது.

மாலை நான்கரை முதல் ஆறு மணி வரை, ஏறும் வெள்ளத்தில், குனிந்து உட்கார்ந்து தூண்டில் போட்டோம். ஐந்து கிழங்கான் மீன்கள் கிடைத்தன. அந்தப் பையனுக்கு? ஒன்றும் இல்லை!

"ஐந்து மீன், ஒன்பது பேர். குறைந்தது நாலு பேருக்குக் கிடைக்காது, சார். அதில் நான் ஒருத்தன்" என்றான். முகத்தில் வாட்டம் இல்லை. "ஆனால், நேரத்தை மாற்றினோம், உட்காரும் விதத்தையும் மாற்றினோம். மீன் எதனால் விழுந்தது என்று எப்படித் தெரியும்?"

நண்பர்களே, இது விஞ்ஞானியின் கேள்வி! ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரே நாள் கணக்கும் போதாது. பல நாள் வேண்டும். இதை ஒரு மீனும் பிடிக்காதவன் கண்டுகொண்டான்.

வாத்தியார் தண்ணீரில் விழுந்த கதை

மறுநாள் காலை, நீர் நிறைந்திருந்த நேரத்தில் கயாக் ஏறினோம். இது வடதுருவப் பகுதி மக்கள் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு. இன்று பிளாஸ்டிக்கில் வருகிறது. படகும் இருவரும் சேர்ந்து 140 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அதே எடையுள்ள நீரை அது விலக்க வேண்டும். கடல்நீரானால் சுமார் 137 லிட்டர். படகின் அடிப்பரப்பு 1.4 சதுர மீட்டரானால், பத்து சென்டிமீட்டர் ஆழம் முழுகினால் போதும்! அதனால்தான் பெரிய படகு போக முடியாத ஒடுங்கிய கால்வாயிலும் கயாக் போகிறது. துடுப்பு நீரைப் பின்னே தள்ள, நீர் நம்மை முன்னே தள்ளுகிறது. இடப்பக்கம் வலித்தால் படகு வலப்பக்கம் திரும்பும்.

இருபுறமும் அலையாத்தி மரங்கள். காற்றுப் புகாத சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள். அவற்றின் நடுவே மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் வளர்கின்றன. முந்தைய நாள் நாங்கள் தேடிய மீன்களின் தொட்டில் இதுதான்.

இவற்றை நன்றாகப் பார்க்க வேண்டுமென்று நான் படகில் எழுந்து நின்றேன். அடுத்த நொடி தண்ணீரில் இருந்தேன்! இடுப்பளவு ஆழம்தான், உயிர்காப்பு உடுப்பும் அணிந்திருந்தேன். நம் உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால், சில கிலோகிராம் கூடுதல் மிதப்பு கிடைத்தாலே தலை மேலே நிற்கும். ஆழம் குறைவு என்று எண்ணி அந்த உடுப்பை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

பிள்ளைகள் சிரித்து ஓய்ந்ததும், "சார் இன்னிக்கு யார் முகத்திலே முழிச்சாரோ!" என்றான் ஒருவன்.

குறிப்பேட்டுக்காரன் உடனே மறுத்தான். "அதெல்லாம் இல்லை. சார் எழுந்து நின்றார். ஈர்ப்பு மையம் மேலே போயிற்று. கொஞ்சம் சாய்ந்ததும் படகு கவிழ்ந்தது. அவ்வளவுதான்!"

கரையேறியதும் அதையும் நேரம் குறித்து எழுதிக்கொண்டான். நீங்களும் உங்கள் ஊர்க் கண்மாயிலோ கடலோரத்திலோ, பெரியவர்கள் துணையோடு ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். மீன் விழாத நாளையும் மறக்காமல் எழுதுங்கள். யாரையாவது ராசியில்லாதவன் என்று சொல்ல வாய் வந்தால், முதலில் அந்த ஏட்டைப் புரட்டுங்கள்.