நாயை விடுதியில் விட்டுச் செல்லும் முன்

தீபாவளி, தைப்பூசம், சீனப் புத்தாண்டு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை என்று வந்துவிட்டால் ஜொகூரில் நாய் விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. குடும்பத்தோடு பத்துமலைக்கோ தமிழ்நாட்டுக்கோ புறப்படுவோர் பலருக்கு நாயை உடன் அழைத்துச் செல்ல வழியிருக்காது. ஜொகூர் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் வீட்டில் விடுவதும் எளிதன்று. 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடாக இருந்துவரும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் நாய்க்கு இறக்குமதி உரிமம், தடுப்பூசிச் சான்று, தனிமைப்படுத்தல் என்று கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. ஆகவே ஊரிலேயே நம்பிக்கையான இடம் தேட வேண்டியிருக்கிறது. கடைசி நேரத்தில், கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு நாயை ஒப்படைப்பது ஆபத்தானது.

மூன்று வகை இடங்கள்

கால்நடை மருத்துவமனையோடு இணைந்த விடுதியில் மருத்துவர் அருகிலேயே இருப்பார். மருந்து உண்ணும் நாய்க்கும் வயதான நாய்க்கும் இது ஏற்றது. ஆனால் நோயுற்ற விலங்குகள் வந்துபோகும் இடம் அது. தங்கும் நாய்களுக்குத் தனி அறை, தனி வழி உண்டா என்று பார்க்க வேண்டும். நகருக்கு வெளியே தோட்ட நிலத்தில் நடத்தப்படும் விடுதிகளில் ஓடியாட இடம் தாராளமாக இருக்கும். அங்கே வேலியின் உறுதி, பாம்பு நடமாட்டம், மழைக்கால வெள்ளம் ஆகியவற்றை விசாரிப்பது நல்லது. மூன்றாவது வகை, ஒருவர் தம் வீட்டிலேயே சில நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்வது. கூண்டுக்குப் பழகாத நாய்க்கு இது ஆறுதல் தரும். ஆனால் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் நாய் வளர்ப்பதற்கு ஊராட்சி மன்றங்களின் உரிம விதிகள் உண்டு. சிறிய வீட்டில் ஏராளமான நாய்களைச் சேர்த்துக்கொள்பவரைத் தவிர்ப்பதே நலம்.

சட்டம் சொல்வது

2011ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளின்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு விலங்கு விடுதியில் ஒப்படைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பூனைகள், உணவும் நீரும் இல்லாமல் கைவிடப்பட்ட நிலையில் கண்டுபிடிக்கப்பட்டன. நாடே கொதித்தது. அன்று நடைமுறையில் இருந்த 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின்படி விலங்கு வதைக்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் வெறும் 200 ரிங்கிட். சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இயற்றப்பட்டு, 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வதைக்குத் தண்டனை 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தகுந்த சூழல், தகுந்த உணவு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றை விலங்குக்கு உறுதிசெய்வது கடமை என்றும் இச்சட்டம் கூறுகிறது. விடுதி நடத்துபவர் உரிமம் பெற்றவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். முறையாக நடத்துபவர் அதைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்.

நேரில் பார்க்க வேண்டியவை

படங்களைப் பார்த்து முடிவு செய்வது போதாது. நாய்கள் தங்கும் பகுதிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வரவேற்பறையோடு நிறுத்திவிடும் இடத்தை ஒதுக்கிவிடலாம். உள்ளே நுழைந்ததும் சிறுநீர் நெடி கண்ணைக் கரிக்கிறதா, தரை ஈரமாகத் தேங்கியிருக்கிறதா, சாக்கடை வழியாக ஒரு கூண்டின் கழிவு அடுத்த கூண்டுக்குள் ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால் வழுவழுப்புத் தட்டுப்படக்கூடும். அப்படியானால் அது நாள்கணக்கில் தேய்த்துக் கழுவப்படவில்லை என்று பொருள்.

வாசலில் இரட்டைக் கதவு இருப்பது அவசியம். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கும் அமைப்பு இருந்தால், பட்டாசுச் சத்தத்தில் மிரண்ட நாய் தெருவுக்கு ஓடிவிடாது. தீபாவளி, சீனப் புத்தாண்டுக் காலங்களில் இந்த ஒரு ஏற்பாடே உயிரைக் காக்கும்.

அடுத்தது காற்றோட்டம். நாய் மூச்சிரைப்பதன் மூலமே பெரும்பாலும் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஜொகூரில் அது எளிதில் பலிப்பதில்லை. பக், ஷிட்ஸூ, பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அடைத்த அறை பெரும் ஆபத்து. மின்தடை ஏற்பட்டால் மாற்று வழி என்ன என்பதையும், இரவில் நாய்களோடு யார் தங்குகிறார் என்பதையும் நேரடியாகக் கேட்க வேண்டும். மாலையில் கதவைப் பூட்டிவிட்டுக் காலையில் வந்து திறக்கும் இடங்களும் உண்டு.

நோய்த் தடுப்பு

பல நாய்கள் கூடும் இடத்தில் பார்வோ, டிஸ்டெம்பர், கென்னல் இருமல் ஆகியவை விரைவாகப் பரவும். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண சோப்பு நீருக்கு அது அழியாது, பிளீச் கலந்து கழுவ வேண்டும். எலிச் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் வரும். உண்ணியால் இரத்த அணுக்களைத் தாக்கும் காய்ச்சல் வரும். தீபகற்பத்தின் வட மாநிலங்களில் 2015இலும் சரவாக்கில் 2017இலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதால், அதற்கான தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேட்டு நாய்க்குப் போடுவது நல்லது.

ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசிகளையும் உண்ணி மருந்தையும் முடித்துவிட வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்காமலேயே நாயைச் சேர்த்துக்கொள்ளும் விடுதி, மற்ற நாய்களையும் அப்படித்தான் சேர்த்திருக்கும். நாயின் குணம், உணவு, ஒவ்வாமை, கருத்தடை, பிற நாய்களோடு பழக்கம் என்று துருவித் துருவிக் கேட்கும் விடுதியை மதிக்க வேண்டும். அந்தக் கேள்விகள் அக்கறையின் அடையாளம்.

ஒப்படைக்கும்போதும் திரும்பிய பின்னும்

நீண்ட பயணத்துக்கு முன் ஒரே ஓர் இரவு விட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். உணவு திடீரென்று மாறினால் வயிற்றுப்போக்கு வரும். எனவே வழக்கமான உணவை நாள்வாரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மருந்தின் அளவும் நேரமும், வழக்கமான மருத்துவரின் தொலைபேசி எண்ணும் எழுத்தில் இருக்கட்டும். அவசரச் சிகிச்சைக்கு எவ்வளவு வரை செலவழிக்க அனுமதி, வெளிநாட்டில் இருக்கும்போது உள்ளூரில் முடிவெடுக்கப் பொறுப்பான உறவினர் யார் என்பவற்றையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கழுத்துப்பட்டையில் உரிம வில்லையும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். மைக்ரோசிப் இருந்தால் இன்னும் பாதுகாப்பு.

வீடு திரும்பிய பின் காது மடல், கால்விரல் இடுக்கு, வால் அடி ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தேட வேண்டும். களைப்பும் சற்றுக் கூடுதல் தூக்கமும் இயல்பானவை. இரண்டு வாரங்களுக்குள் இருமல், வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, காய்ச்சல் தென்பட்டால் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். விடுதிக்கும் தெரிவித்தால் மற்ற நாய்கள் காப்பாற்றப்படும். பட்டினி, காயம், அலட்சியம் ஆகியவற்றுக்குச் சான்று இருந்தால் படங்களுடனும் மருத்துவர் அறிக்கையுடனும் கால்நடை சேவைத் துறையிடம் புகார் செய்யலாம்.