வாடகை வீடும் வாழும் உரிமையும்: நியூ யோர்க் நகர அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

வீட்டுப் பிரச்சினை என்றதும் வீடுகளின் எண்ணிக்கையும் வாடகைத் தொகையுமே பெரும்பாலும் நம் கவனத்துக்கு வருகின்றன. அவை அடிப்படையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் மேலைநாட்டு நகரங்களின் குடியிருப்பாளர் அமைப்புகள் முன்வைத்துள்ள கோரிக்கைகளை நோக்குமிடத்து, மூன்று அம்சங்கள் அங்கு இணைந்து வருதலைக் காணலாம். வருமானத்துக்கு எட்டிய வாடகை ஒன்று. முதியோர், நோயாளர், வீடிழந்தோர் ஆகியோருக்கு வேண்டிய துணைச்சேவைகள் வீட்டோடு சேர்ந்திருத்தல் மற்றொன்று. வளர்ப்புப் பிராணியுடன் குடியிருக்கும் உரிமை மூன்றாவது. முதலிரண்டையும் தயக்கமின்றி ஏற்கும் முற்போக்காளர் சிலர் மூன்றாவதைக் கேட்டதும் புன்முறுவல் பூப்பதுண்டு. கூரையற்றோர் இருக்க நாய்க்கும் பூனைக்கும் இடம் கேட்பதா என்பது அவர்களது வினா. இம்மூன்றும் ஒரே கோரிக்கையின் மூன்று முகங்கள் என்பது எமது கருத்து. நியூ யோர்க் நகரின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

வீட்டுப் பிரச்சினை பற்றி 1872, 1873ஆம் ஆண்டுகளில் ஏங்கெல்ஸ் எழுதிய கட்டுரைகள் இவ்விடயத்தில் இன்றும் நமக்கு வழிகாட்டுவன. வீட்டுக்காரருக்கும் வாடகைக் குடியிருப்பாளருக்கும் இடையிலான உறவு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவே என வாதித்த புரூதோன்வாதிகளை அவர் மறுத்தார். வாடகை என்பது ஒரு பண்டப் பரிமாற்றம் என்பதும், வீட்டின் பயன்பாடு குறித்த காலத்துக்கு விற்கப்படுகின்றது என்பதும் அவர் எடுத்துக்காட்டிய உண்மைகள். இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கூடுதலாகக் கவனித்தல் வேண்டும். பாண் விற்பவர் அதனை யாருடன் பகிர்ந்துண்ண வேண்டும் என வாங்குபவருக்கு விதிப்பதில்லை. வீட்டைப் பொறுத்தவரையில் பயன்பாடு விற்கப்பட்ட பின்னரும் உடைமை விற்பவரிடமே தங்கிவிடுகின்றது. அந்த உடைமையின் பலத்தால், பணம் கொடுத்துப் பெற்ற பயன்பாட்டின் உள்ளேயும் அவர் கைநீட்ட முடிகின்றது. யார் தங்கலாம், எதை வளர்க்கலாம், எப்போது வெளியேற வேண்டும் என்பனவெல்லாம் ஒப்பந்தப் பத்திரத்தின் வாசகங்களாகிவிடுகின்றன. வீட்டுப் பற்றாக்குறை நிலவும் நகரில் அவ்வாசகங்களை மறுத்துப் பேசும் வலிமை குடியிருப்பாளருக்கு இருப்பதில்லை.

நியூ யோர்க்கில் வறியோரின் கடைசிப் புகலிடமாக நெடுங்காலம் விளங்கியவை தனியறை விடுதிகள். சிறு அறை ஒன்று. சமையலிடமும் குளியலறையும் பலருக்கும் பொது. இவற்றைத் தரக்குறைவானவை எனக் கருதிய நகர நிருவாகம் 1955ஆம் ஆண்டில் புதியன கட்டப்படுவதைத் தடைசெய்தது. அவற்றுக்குப் பதிலாக வறியோருக்கேற்ற வீடுகள் போதியளவு எழவில்லை. ஜே-51 எனப்படும் வரிச்சலுகையும் நிலவிலையின் ஏற்றமும் 1970களில் இவ்விடுதிகளை வசதியுள்ளோரின் வீடுகளாக மாற்றத் தூண்டின. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் மறைந்தன. அதே காலத்தில் அரச மனநல மருத்துவமனைகளிலிருந்து நோயாளர் பெருந்தொகையாக வெளியே அனுப்பப்பட்டனர். இவ்விரு போக்குகளும் சந்தித்த இடத்திலேதான் தெருவில் உறங்கும் மக்கள் தோன்றினர். வீடின்மையைத் தனிமனிதரின் ஒழுக்கக் குறைபாடாகக் காணும் நோக்கு இவ்வரலாற்றை மறைத்துவிடுகின்றது.

இந்நிலைக்கு எதிரான போராட்டம் முதலில் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. வறியோரைப் பராமரித்தல் அரசின் கடமை எனக் கூறும் மாநில அரசியலமைப்பின் 1938ஆம் ஆண்டு ஏற்பாட்டை ஆதாரமாகக் கொண்டு, ரொபேர்ட் ஹேய்ஸ் என்னும் சட்டத்தரணி 1979இல் வழக்குத் தொடுத்தார். 1981இல் எட்டப்பட்ட இணக்கத் தீர்வின்படி வீடற்ற ஆண்களுக்குத் தங்குமிடம் வழங்க நகரம் உடன்பட்டது. வழக்குக்குத் தமது பெயரைத் தந்த ரொபேர்ட் கலகன் தீர்வு கிட்டுமுன்னரே இறந்துபோனார். ஆனால் தங்குமிடம் வேறு, வீடு வேறு. பழைய படைப்பயிற்சி மண்டபங்களில் நூற்றுக்கணக்கான கட்டில்கள் வரிசையாக இடப்பட்டன. கதவும் பூட்டும் இல்லாத இடத்தை வீடு எனல் பொருந்தாது.

வீடும் சேவையும் இணைந்த மாற்றுவழி வேறிடத்தில் உருவாயிற்று. 1980இல் பிரான்சிஸ்கன் துறவிகள் நகரின் 24ஆம் தெருவில் ஒரு பழைய விடுதியை வாங்கி, மனநோயால் பாதிக்கப்பட்டோருக்கு நிலையான அறைகளையும் அக்கட்டடத்திலேயே துணைச்சேவைகளையும் வழங்கினர். 1990இல் ரொசான் ஹகேர்ட்டி தொடங்கிய அமைப்பு, ரைம்ஸ் சதுக்க விடுதியை 652 அறைகள் கொண்ட இத்தகைய வீடாக மாற்றியது. 1992இல் சாம் செம்பெரிஸ் தொடங்கிய முயற்சி இன்னும் ஒரு படி முன்சென்றது. சிகிச்சைக்கு இணங்குதல், குடியை நிறுத்துதல் முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றிய பின்னரே வீடு என்ற பழைய ஒழுங்கை அது தலைகீழாக்கியது. முதலில் வீடு, மற்றவை பின்னர், அதுவும் குடியிருப்பவரின் விருப்பப்படி. வீடு நன்னடத்தைக்கான பரிசன்று என்பதே இம்முயற்சியின் சாரம்.

இச்சாரம் வளர்ப்புப் பிராணி பற்றிய கோரிக்கையிலும் உண்டு என்பதை நகரின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கும். மூன்றும் அதற்கு மேற்பட்டும் குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்கு உரியது அச்சட்டம். குடியிருப்பாளர் ஒளிவுமறைவின்றிப் பிராணியை வளர்த்துவர, வீட்டுக்காரர் மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடராதுவிடின், ஒப்பந்தத்திலுள்ள தடைவாசகம் செயலிழந்துவிடும். பிராணி தொல்லையோ சேதமோ விளைத்தால் இப்பாதுகாப்பு இல்லை. சட்டத்தின் நோக்கவுரை நமது கவனத்துக்குரியது. பிராணி இருப்பதை நெடுங்காலம் அறிந்திருந்த உரிமையாளர்கள், தொல்லையுடன் தொடர்பற்ற காரணங்களுக்காகவே தடைவாசகத்தைத் திடீரெனக் கையிலெடுத்துக் குடியிருப்பாளரை வெளியேற்ற முயல்கின்றனர் என நகரசபையே அங்கு பதிவுசெய்துள்ளது. அக்காரணங்கள் யாவை? வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடு வெறுமையானால், புதியவரிடம் கூடிய வாடகை அறவிட விதிகள் இடமளித்தன. 1997இல் இது சட்டத்திலேயே 20 வீத உயர்வாக விதிக்கப்பட்டு, 2019இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே நாயின் பெயரால் நடந்த வழக்குகள் பலவற்றின் பின்னால் நின்றது வாடகையே எனக் கொள்ளுதல் தவறாகாது.

எனினும் இவ்வெற்றியை மிகைப்படுத்துதல் கூடாது. சட்டம் உரிமையை நேரே வழங்கவில்லை. உரிமையாளரின் மௌனத்துக்குக் காலவரையறை மட்டுமே விதித்தது. நகரின் பொது வீடமைப்பு அதிகாரசபை, அதாவது வறியோரின் பெரிய வீட்டுக்காரர், இச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. கூட்டாட்சி உதவிபெற்ற வீடுகளில் முதியோருக்கும் மாற்றுவலுவுள்ளோருக்கும் உரியவற்றில் மாத்திரம் 1983இல் கூட்டாட்சிச் சட்டம் இவ்வுரிமையை ஏற்றது. பொது வீடுகளின் ஏனைய குடியிருப்பாளருக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே, அதுவும் கட்டணங்களுக்கும் நியாயமான நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, அது கிட்டியது. குடும்ப வன்முறைக்குத் தப்பிய பெண்கள் பிராணிகளுடன் புகக்கூடிய இல்லத் திட்டமொன்று நியூ யோர்க்கில் 2013இல்தான் தொடங்கப்பட்டது. இவ்வரிசையைக் கூர்ந்து நோக்குக. பொருளாதார வலுக் குறையக் குறைய உரிமை வந்துசேரும் காலம் நீண்டுகொண்டே போகின்றது.

வரிசையின் கடையில் நிற்போர் தெருவில் வாழ்வோர். தங்குமிடங்களைச் சிலர் ஏன் மறுக்கின்றனர் என்பதற்கு, துணை, பிராணி, உடைமை ஆகிய மூன்றையும் இழக்க நேர்வதே காரணம் என இத்துறையில் பணிபுரிவோர் கூறுவர். வீடற்றோரையும் அவர்தம் பிராணிகளையும் பற்றி 2013இல் நூல் வெளியிட்ட சமூகவியலாளர் லெஸ்லி ஏர்வின், தாம் உண்ணுமுன் தம் நாய்க்கு உணவளிக்கும் மனிதரைப் பதிவுசெய்துள்ளார். 2005ஆம் ஆண்டின் கத்ரீனா சூறாவளியின்போது பிராணிகளைக் கைவிட மனமின்றி வெள்ளத்தில் தங்கிவிட்டோர் பலர். அதன் விளைவாகவே 2006இல் பேரிடர்கால வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்கும் கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. பாதுகாப்பா, உறவா எனத் தெரிவுசெய்யும்படி வசதியுள்ளோரை எவரும் கேட்பதில்லை.

அயலவரின் நலனும் நலன்தான். நாய் குரைத்தலும் கடித்தலும், ஒவ்வாமை நோயும் கற்பனையல்ல. ஆனால் தொல்லையைத் தடுத்தல் வேறு. தொல்லை நேரலாம் என்ற பெயரில் வாழ்க்கை முறையையே தடைசெய்தல் வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தது. இன்று பல அமெரிக்க நகரங்களில் தடைக்குப் பதிலாகப் பிராணிக்கென மாதந்தோறும் மேலதிக வாடகை அறவிடப்படுகின்றது. தடையாக இருந்தது விலையாக மாறியிருக்கின்றது. இது இணக்கமெனத் தோன்றினும், கொடுக்க இயலாதவருக்குப் பழைய தடையாகவே நிற்கின்றது. எட்டிய வாடகை என்ற கோரிக்கையிலிருந்து ஏனையவற்றைப் பிரிக்கவியலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘செல்லப்பிராணி’ என்னும் நமது சொல்லும் சிந்தனைக்குரியது. செல்லம் என்பது வசதியுள்ளோர் காட்டும் மிகையான பரிவு என்ற தொனி அதில் உண்டு. தனித்து வாழும் ஒரு மூதாட்டிக்கு, நாள்தோறும் எழுந்து உணவு வைக்க ஒரு பூனை இருத்தல் செல்லமன்று. அதுவே அவரது அன்றாடத்தின் ஒழுங்கு. வறியோருக்குக் கூரை போதும், அதன்கீழ் எவ்வாறு வாழ்வது என்பதைப் பிறர் தீர்மானிக்கலாம் என்ற கருத்து, உடைமை வர்க்கத்தின் நெடுநாளைய கருத்து. அதனை முற்போக்காளர் தம்மையறியாமலே ஏற்றுக்கொள்ளுதல் தகாது. வீட்டுரிமைக்கான இயக்கங்கள் எத்தனை வீடுகள் என்ற வினாவோடு, அவ்வீடுகளின் உள்ளே யாருடைய சொல் செல்லும் என்ற வினாவையும் ஒருசேர எழுப்புதல் அவசியமாகும்.