இணையவழி அரசுப் பணிகள்: ஏற்பும் தயக்கமும்

திருவனந்தபுரம் கோட்டைக்கு அணித்தாக, ஸ்ரீவராகக் குளத்தை ஒட்டிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பணியின் பொருட்டு அண்மையில் குடிபுகுந்தோரும் உளர். மின்கட்டணம் முதல் ஓய்வூதியம் வரை பல அலுவல்களை இவர்கள் இன்று இணையத்தின் வழியே முடித்துக்கொள்ளலாம். எனினும் சிலர் அவ்வழியை நாடுகின்றனர், சிலர் நாடுவதில்லை. வயதும் கல்வியுமே காரணம் என்று கூறிவிடுவது எளிது. அது பாதி உண்மையே என்பது நம் கருத்து.

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்நகரில் ‘ஃபிரண்ட்ஸ்’ ஜனசேவன கேந்திரம் தொடங்கப்பெற்றது. மின்சாரம், குடிநீர் முதலிய பல துறைகளின் கட்டணங்களை அங்கு ஒரே இடத்தில் செலுத்த முடிந்தது. துறைகளின் பழைய கட்டண முகப்புகள் மூடப்படவில்லை. எவரும் கட்டாயப்படுத்தப்படவும் இல்லை. ஆயினும் மக்கள் விரும்பி வந்தனர். கணக்கைப் பார்த்தது கணினி. இரசீதைக் கையில் கொடுத்தவரோ எதிரே அமர்ந்திருந்த ஒரு மனிதர். 2002-இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கிய அட்சய மையங்களும், வீட்டுக்கு ஒருவரேனும் கணினி கற்க வேண்டும் என்ற நோக்குடன் எழுந்து, பின்னர் விண்ணப்பங்களுக்குத் துணைபுரியும் இடங்களாகவே மக்கள் மனத்தில் நிலைத்தன.

நம்மவர்க்கு வேறோர் இடரும் உண்டு. மலையாளம் சரளமாகப் பேசியும் அதன் எழுத்தை வாசிக்க அறியாதார் பலர். அதனினும் பெரிய தொல்லை பெயரால் விளைவது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிடுவது தமிழர் வழக்கம். ஓர் ஆவணத்தில் முதலெழுத்து மட்டும் நிற்கும். மற்றொன்றில் தந்தை பெயர் முழுவதும் விரியும். மூன்றாவதில் அது பின்னே சென்று குடும்பப் பெயராகிவிடும்! மூவரும் ஒருவரே என்பதை அனுபவமுள்ள எழுத்தர் உணர்வார், பொறி உணராது. சொந்த ஊரில் வாங்கிய தொலைபேசி எண் செயலிழந்திருந்தால் ‘ஓ.டி.பி.’யும் வாராது. இவ்வாறு இருமுறை தடுக்கப்பட்டவர் மூன்றாம் முறை வரிசையில் போய் நிற்பாராயின், அவரைப் பழமைவாதி என்று இகழ்தல் தகாது.

இனி, முதியோர் செய்தி. மத்திய அரசு ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று அளித்தல் வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். இதற்கென 2014-இல் ‘ஜீவன் பிரமாண்’ முறை வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்க மறுப்பதுண்டு. 2021 முதல் முகத்தைக் காட்டியும் சான்றளிக்க வழி செய்யப்பட்டுள்ளது. 2020 முதல் அஞ்சல்காரரே கருவியுடன் இல்லம் தேடி வருகிறார். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. கணினியைத் தொட்டறியாத முதியவரும் தமக்குப் பழகிய அஞ்சல்காரரிடம் தயங்காது விரலை நீட்டுகிறார். வயது இங்கே தடையாகவில்லை.

மத்திய அரசு ஓய்வூதியருள் 80 வயது நிரம்பியோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே இச்சான்றை அளிக்கலாம். அத்தகையோர் வீட்டில் இருப்பின், ஆதாரிலும் ஓய்வூதிய ஆணையிலும் பெயர் ஒத்துள்ளதா, ஆதாருடன் இணைத்த தொலைபேசி எண் இன்றும் வழக்கில் உள்ளதா என்பனவற்றைச் செப்டம்பரிலேயே பார்த்து வைப்பது நலம்.